சாவித் தொழில்: இங்கேயே கடையா, வளைகுடாவா, உரிமம் கேட்கும் நாடா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம் என்று நம் ராமநாதபுரம் கடலோரத்தில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு சாவிக்கடை இருக்கும். ஒரு மேஜை, சாவி வெட்டும் மெஷின் ஒன்று, ஆணியில் கொத்தாகத் தொங்கும், பல் வெட்டாத பிளாங்க் சாவிகள், நாலைந்து அரம். அவ்வளவுதான் கடை. அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று சில வருஷம் வேலை பழகிய பையனிடம் அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், மூன்றில் ஒன்றைச் சொல்வான். இங்கேயே தனிக் கடை. இல்லையென்றால் மாமனோ மச்சானோ இருக்கிற துபாய், கத்தார். அதுவும் இல்லையென்றால் யாரோ சொன்ன ஆஸ்திரேலியா, கனடா.

இந்த மூன்றையும் சம்பளத்தை மட்டும் வைத்து எடைபோடுகிறார்கள். எனக்கு அது போதாது என்று படுகிறது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவன்மேல் ஊருக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. சில இடங்களில் உரிமம், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. அதைப் புரிந்துகொண்டு முடிவெடுத்தால் பிறகு திண்டாட வேண்டியதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பையன்களுக்கு முதல் சில வருஷங்கள் இங்கேயே கடை போடுவதுதான் நல்லது. ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

உரிமம் எதைச் சோதிக்கிறது

இந்தியாவில் பூட்டு ரிப்பேர் செய்யவும் சாவி போடவும் தனி உரிமம் எதுவும் கிடையாது. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே காவலாளிகளுக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், பூட்டுத் தொழிலாளிக்கு வேண்டாம். மாஸ்டர் லாக்ஸ்மித்ஸ் அசோசியேஷன் என்ற தொழில் சங்கம் தானாக முன்வருகிற உறுப்பினர்களைச் சோதித்துச் சான்று தருகிறது. சான்று இல்லாதவரும் கடை வைக்கலாம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் கடைக்கு ஓர் உரிமம், கடையில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு, கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் தேர்வு கிடையாது. ஆள் யார் என்று பார்க்கிறார்களே தவிர, அவருக்கு வேலை தெரியுமா என்று பார்ப்பதில்லை. வட கரோலினாவில் இரண்டும் உண்டு. அதற்கென்றே ஒரு வாரியம், தேர்வு, பின்னணிச் சோதனை. நியூயார்க்கில் மாநகரமே உரிமம் தருகிறது. அதே நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் எதுவுமே தேவையில்லை.

ஆக, உரிமம் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. நீ யார்? உனக்கு வேலை தெரியுமா? நாளைக்குப் பிரச்சினை வந்தால் உன்னை எங்கே தேடுவது? மூன்றாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் நடக்கிற மோசடியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இணையத்தில் உள்ளூர்க் கடை மாதிரி ஒரு முகவரி போட்டு, போனில் குறைந்த கூலி சொல்லி, வந்ததும் நல்ல பூட்டை டிரில் போட்டு உடைத்து, பல மடங்கு பணம் கேட்பார்கள். மறுநாள் அந்த முகவரியில் போய்ப் பார்த்தால் கடையே இருக்காது. உரிமச் சட்டம் இருக்கிற மாநிலங்களிலும் இது நடக்கிறது.

முதல் வழி: இங்கேயே கடை

நம் கடலோரத்தில் சாவிக்காரருக்கு வேலை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மதுரையிலோ கோவையிலோ இருப்பதுபோல இல்லை இது.

கீழக்கரையில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுக்க வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கும். பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ வந்து இறங்கினால் வாசல் பூட்டு அசையாது. "காக்கா (அண்ணே), சாவி உள்ள போவுது, திரும்ப மாட்டேங்குது" என்று போன் வரும். சாவியில் குறையே இருக்காது. உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். பூட்டின் உடம்பு பித்தளையாக இருந்தாலும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குகள் மெலிசானவை, அவற்றில் ஒன்று அரித்து ஒட்டிக்கொண்டால் போதும். போன தடவை ஊருக்குக் கிளம்பும்போது யாராவது தேங்காய் எண்ணெய் வேறு விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அது காய்ந்து பிசுபிசுத்து, காற்றில் வரும் மணலைப் பிடித்து, உள்ளே பசை மாதிரி இறுகியிருக்கும். நல்ல வேலைக்காரர் சுத்தியலை எடுக்க மாட்டார். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, காத்திருந்து, மெல்லத் தட்டி, பழைய அழுக்கு கரைந்து வெளியே வந்தபிறகு சாவியைத் திருப்பிப் பார்ப்பார். திறந்ததும் உள்ளே சுத்தம் செய்து, எண்ணெய்க்குப் பதிலாகக் கிராஃபைட் தூள் போட்டுக் கொடுப்பார். சாவியே தொலைந்துபோன லீவர் பூட்டாக இருந்தால் பிளாங்க் சாவியை உள்ளே விட்டு அழுத்தித் திருப்பி, அதில் விழும் சின்னச் சின்னத் தடங்களைப் பார்த்து அந்த இடத்தில் மட்டும் அரம் போடுவார். மறுபடி விடுவார், மறுபடி பார்ப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அந்தத் தடம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கை ஒரு மாதத்தில் வருவதில்லை.

ராமேஸ்வரம் இன்னொரு உலகம். அக்னி தீர்த்தத்தில் கடலில் குளித்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்து, நனைந்த வேட்டியோடு காருக்கு வந்தால் சாவி இருக்காது. இல்லையென்றால் இடுப்பில் முடிந்திருந்த சாவி கடல் தண்ணீரில் ஊறிப்போயிருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கேட்கவே வேண்டாம். இங்கே அரம் மட்டும் பிடிக்கத் தெரிந்தவர் பாதி வேலைதான் செய்ய முடியும். இம்மொபிலைசர் உள்ள காரில் சாவியை அப்படியே அச்சாக வெட்டிக் கொடுத்தாலும், அதற்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். சிப் சாவியைப் பதிவு செய்கிற கருவிக்கு நல்ல விலை ஆகும். கடன் வாங்க வேண்டுமென்றால் அதற்காக வாங்கலாம். பாம்பன் தாண்டி வருகிற வெளியூர் வண்டிக்காரருக்கு வேறு கதி இல்லை. கம்பெனி ஷோரூமைத் தேடிப் போவதென்றால் அவருக்கு ஒரு நாள் வீண்.

சரி, இதற்கெல்லாம் என்ன காகிதம் வேண்டும்? கடை போடுகிற இடத்தின் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியில் தொழில் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது இடத்துக்கும் கடைக்கும் உரியது. உங்கள் கைவேலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். இதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். ஜிஎஸ்டி, சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்ச ரூபாய் வரவைத் தாண்டினால்தான் கட்டாயம். நம் ஊர் சாவிக்கடைக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

கடன் விஷயத்தில் குழப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. கருவிக்கு 15,000 ரூபாய், பிணையில்லாமல் 3 லட்சம் வரை கடன் என்று யூடியூபில் பார்த்துவிட்டுப் பையன்கள் ஓடி வருகிறார்கள். தமிழ்நாடு அரசு அதை இங்கே ஏற்கவில்லை. குலத்தொழிலோடு பிணைப்பதாக இருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம். அதற்குப் பதிலாக 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. அது 35 வயதைத் தாண்டியவர்களுக்கு. ஆகவே இருபதுகளில் இருக்கும் பையனுக்கு நான் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், சிறுபான்மையினர், பெண்கள் எல்லோரும் அதில் சிறப்புப் பிரிவு. கிராமப்புறத்தில் கடை போட்டால் திட்டச் செலவில் 35 சதவீதமும், நகர்ப்புறத்தில் 25 சதவீதமும் மானியம். கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். நம் கடலோரத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். மாவட்டத் தொழில் மையத்தில் அப்போதைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

இங்கே உரிமம் இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அத்துமீறி நுழைவதற்காக ஒரு பூட்டைத் திறப்பது 'வீடு உடைத்தல்' என்ற குற்றத்துக்குள் வரும். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 445ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 330. நீங்கள் கூலிக்குத் திறந்துவிட்டவர், உள்ளே போனது வேறு ஆள் என்றாலும், முதல் விசாரணை உங்களிடம்தான் வரும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை, வாடகைக்காரரை வெளியேற்றுகிற தகராறு, புருஷன் பெண்டாட்டி பிரிந்து கிடக்கிற வீட்டு பீரோ, இவைதான் நம் ஊரில் சாவிக்காரரை இழுத்துவிடுகிற வேலைகள். கடன் தவணை கட்டாத வண்டிக்குச் சாவி போடச் சொல்லி வருபவர்களும் உண்டு. கோர்ட் உத்தரவோடு அமீனா கூப்பிட்டால் அது வேறு. சிவில் நடைமுறைச் சட்டமே பூட்டைத் திறக்க அவருக்கு அதிகாரம் தருகிறது. அப்போதும் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் ஒரு பதிவேடு வையுங்கள் என்று எல்லாப் பையன்களிடமும் சொல்கிறேன். நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், முகவரி, கூப்பிட்டவர் பெயர், ஆதார் அட்டையின் கடைசி நான்கு எண், அவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன உறவு, என்ன பூட்டு, எப்படித் திறந்தது, வாங்கிய கூலி, கையெழுத்து. வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். கீழக்கரை மாதிரி ஊரில் உரிமையாளர் ஷார்ஜாவில் இருப்பார், வாசலில் நிற்பது மச்சினனாக இருக்கும். அப்போது உரிமையாளரோடு வீடியோ காலில் பேசி, அவர் வாயால் சொன்னபிறகு திறக்க வேண்டும். கோபித்துக்கொள்பவர் கோபித்துக்கொள்ளட்டும். முறையான ஆள் யாரும் இதற்கு மறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கூடவே தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் காவல் சரிபார்ப்புச் சான்று வாங்கிக் கடையில் மாட்டிவையுங்கள். கலிபோர்னியா அரசு என்ன கேட்கிறதோ, அதில் முக்கால்வாசி இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

இங்கே குறை இல்லாமல் இல்லை. சீசன் இல்லாத மாதங்களில் கடை ஈயடிக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையோரக் கடைத்தெருவே மந்தமாகிவிடும். கூலிக்குத் தரம் கிடையாது, பக்கத்துத் தெருக்காரர் பாதி விலைக்குச் செய்வார். இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டைச் செய்கிற கைக்கு அந்த மரியாதை இருக்கிறது. அதே பூட்டைக் கெடுக்காமல் திறக்கிற கைக்கு அரசாங்கத்தில் ஒரு பெயரும் இல்லை.

இரண்டாவது வழி: வளைகுடா

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தவர்தான். அங்கே நீங்களாக ஒரு மேஜை போட்டு உட்கார முடியாது. விசா எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனிக்குத்தான் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே சாவி போட்டுக் கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் ஆளை வேலைக்கு வைப்பவருக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் 2024இல் அபராதத்தை, குறைந்தது 1 லட்சம், அதிகபட்சம் 10 லட்சம் திர்ஹாம் என்று உயர்த்திவிட்டார்கள். சிக்கினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கம்பெனி வேலை என்றால் பெரும்பாலும் கட்டடப் பராமரிப்பு. பூட்டு, கதவு, ஏசி, குழாய் என்று எல்லாம் சேர்ந்துதான் வரும். ஓட்டல் அறைகளின் கார்டு பூட்டு வேலை நல்லது, அதைக் கற்றுக்கொள்ள நம் ஊரில் வாய்ப்புக் குறைவு. ஆனால் துபாயில் கேமரா, கதவுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்துகிற தொழில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி சீரா என்ற பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பின்கீழ் இருக்கிறது. அந்தச் சான்றுள்ள கம்பெனியில் சேர்வதும், வெறும் பராமரிப்புக் கம்பெனியில் சேர்வதும் ஒன்றல்ல. முன்னதில் நீங்கள் ஒரு தொழிலாளி, பின்னதில் கூப்பிட்ட இடத்துக்கு ஓடுகிற ஆள்.

பத்தாவது தேறாதவருக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது குடியேற்றச் சோதனை தேவைப்படுகிற வகை. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அமீரகச் சட்டமோ வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்கிறது. ஆனால் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துப் போகிற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பணத்தில் இங்கே சிப் கருவியோடு ஒரு கடையே போட்டுவிடலாம் என்பது என் வயிற்றெரிச்சல். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், 10 லட்சம் வரை காப்பு.

மூன்றாவது வழி: உரிமம் கேட்கும் நாடு

ஆஸ்திரேலியாவில் பூட்டுத் தொழில், முறையாகப் பயிற்சி பெற்றுச் செய்கிற தொழில். தொழிற்பயிற்சி, அதன் முடிவில் மூன்றாம் நிலைச் சான்றிதழ். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1997ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் தொழில் சட்டப்படி '2சி' வகை உரிமம் இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாது. கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை, தகுதிச் சான்று, மூன்றும் வேண்டும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா உரிமம் கேட்கிறது. அங்கே பழகுகிறவருக்கென்று, மேற்பார்வையில் வேலை செய்ய ஒரு தனி வகையும் உண்டு. ஒண்டாரியோவில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே 'கனடா விசா' என்று ஒருவர் சொன்னால் எந்த மாநிலம் என்று கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் தொழில் பட்டியலில் பூட்டுத் தொழிலாளிக்குத் தனிக் குறியீட்டு எண்ணே இருந்து வந்திருக்கிறது, 323313. திறமையை மதிப்பிடுவது டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு. நம் பையன்கள் தடுக்கி விழுவது இந்த மதிப்பீட்டில்தான், ஆங்கிலத்தில்கூட அல்ல. பயிற்சி பெற்றதற்கும் வேலை பார்த்ததற்கும் ஆதாரம் கேட்பார்கள். மாமா கடையில் பழகினேன் என்று சொன்னால் அவர்கள் கேட்பது சம்பளச் சீட்டு, வங்கி வரவு, முதலாளியின் கடிதம். சொந்தக் கடை என்றால் பதிவுச் சான்று, வரிக் கணக்கு, பில்கள். எட்டு வருஷம் நல்ல கை இருந்தும் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவரை எனக்குத் தெரியும். முதல் வழியில் நான் சொன்ன உத்யம், பதிவேடு, காவல் சான்று எல்லாம் இங்கே வந்து பேசும். கடை வரவை ஜிபே மூலமாவது வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்து, வரி கட்ட வேண்டிய அளவு வராவிட்டாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துவிடுங்கள்.

படிப்பு விஷயத்தில் எனக்குப் பிடித்த வழி ஐ.டி.ஐ. ஃபிட்டர். இரண்டு வருஷம், பரமக்குடியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. முதல் மாதங்கள் முழுக்க அரம்தான் பிடிக்க வைப்பார்கள். சாவிக்காரருக்கு அதைவிட நல்ல அடித்தளம் இல்லை. அதில் கிடைக்கிற தேசியத் தொழிற்சான்றிதழ் எந்த நாட்டு மேஜையிலும் வைத்துக் காட்டக்கூடிய காகிதம்.

யாருக்கு எது

பத்தொன்பது, இருபது வயது, பத்தாவது தேறியவன் என்றால் ஃபிட்டர் முடித்துவிட்டு மூன்று வருஷம் பதிவோடு இங்கே வேலை பார்க்கட்டும். அப்புறம் மூன்றாவது வழியை யோசிக்கலாம். இருபத்தைந்துக்குள் ஆஸ்திரேலியா போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், முப்பதை ஒட்டித்தான் நடக்கும். குடும்பக் கடன் கழுத்தை நெரிக்கிறது, இந்த மாதமே பணம் வேண்டும் என்றால் வளைகுடா தவறில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் என்னவென்று படித்துவிட்டு, இரண்டு ஒப்பந்தக் காலம் என்று எல்லை வைத்துப் போங்கள். கல்யாணமாகி முப்பதைத் தாண்டியவர், ராமேஸ்வரம் அல்லது ராமநாதபுரத்தில் இடம் கிடைக்கக்கூடியவர் என்றால் சிப் கருவி வாங்கிக் கொண்டு இங்கேயே உட்காருவதுதான் என் வாக்கு. அண்ணன் தம்பி இருவர் இருந்தால் ஒருவர் கீழக்கரையில் வீட்டு வேலையும் இன்னொருவர் ராமேஸ்வரத்தில் வண்டி வேலையும் பார்ப்பது இன்னும் நல்லது.

எந்த வழியானாலும் வெளிநாடு என்று வந்தால் ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 'லாக்ஸ்மித் விசா, லைசென்ஸும் நாங்களே வாங்கித் தருகிறோம்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அந்த உரிமத்தை உங்கள் கைரேகை வைத்து நீங்கள்தான் வாங்க முடியும்.